கன்னத்தில் ஒரு பாதாம்

ஒரு ஆளுக்குக் கஞ்சி காய்ச்சும் அளவு
எனக்குத் தெரியவில்லை, ஹில்க்கா.
நீ எழுதிவைத்த தாளில்
ஆறு பேருக்குத்தான் கணக்கு இருக்கிறது.
ஆறு பேருக்கே காய்ச்சுகிறேன்.
பால் அடிப்பிடிக்காமல்
கிண்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.
கிண்டுகிறேன்.
முப்பது வருடம் பேருந்து ஓட்டிய கைக்கு
இதுவும் ஒரு ஸ்டீயரிங்தான்,
இறங்குவதற்குத்தான் யாருமில்லை.

மணி இரண்டரை.
கெமியார்வியில் பகல் முடிந்துவிட்டது.

தபாலில் பதினான்கு வாழ்த்து அட்டைகள்.
மூன்றில் உன் பெயரும் இருக்கிறது.
தூரத்து ஆட்கள், அவர்களுக்கு நான் சொல்லவில்லை.
சேதி தெரிந்த பதினொரு பேர்
‘ஆவ்லிஸ்’ என்று மட்டும் எழுதி
பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள்.
அந்த மூன்றைத்தான்
ஜன்னலோரம் நிறுத்தியிருக்கிறேன்.

மதியம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.
ஊரே அங்கேதான் இருந்தது,
பனிக்குள் ஆயிரம் சுடர்களோடு.
உனக்கு இன்னும் கல் வைக்கவில்லை.
மண் உறைந்துகிடக்கிறது, மே மாதம் பார்க்கலாம் என்கிறார்கள்.
ஒரு மரக்குச்சி, அதில் ஓர் எண்.
அதையும் பனி மூடிவிட்டது.
பிர்ச் மரத்திலிருந்து அடி எண்ணி நடந்து
மண்டியிட்டு, கையால் தோண்டி
மெழுகுவர்த்தி ஏற்றி
செப்டம்பரிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் சொன்னேன்,
வாஷிங் மெஷின் கடகடப்பது உட்பட.

சிவப்புத் தொப்பி போட்ட ஒருத்தி
வெகுநேரம் பின்னால் நின்றிருக்கிறாள்.
நான் மூக்கைச் சிந்தும்வரை பொறுத்திருந்து
மெதுவாகச் சொன்னாள்:
“மன்னிக்கணும். இது எங்க அப்பா.”

நீயிருந்தால் சிரித்திருப்பாய்.
நான் வைத்ததை எடுக்க அவள் விடவில்லை.
தன் பையிலிருந்து ஒன்றை நீட்டினாள்.
இரண்டு வரிசை தள்ளி, இந்நேரம் உன் மேல் எரிவது
யாரோ ஒருவருடைய அப்பாவுக்கு வாங்கிய மெழுகு.
அவளுடைய அப்பாவுக்கு
நம் வாஷிங் மெஷின் கதை தெரியும்.

சரி, கஞ்சிக்கு வருகிறேன்.
பானைக்கு ஒரே ஒரு பாதாம்.
யார் கிண்ணத்தில் விழுகிறதோ
அவருக்கு வருடம் முழுக்க யோகம்.
எத்தனை வருடம் ஏமாற்றினாய் எங்களை!
முதல் கரண்டியிலேயே கிடைத்ததைக்
கன்னத்தில் அதக்கிக்கொண்டு
ஒன்றும் தெரியாதவள் மாதிரி பரிமாறுவாய்.
பிள்ளைகள் வயிறு வெடிக்க
மூன்றாம் கிண்ணத்திலும் தேடுவார்கள்.
பானை காலியான பிறகுதான்
நாக்கு நுனியில் வைத்துக் காட்டுவாய்.

போன வருடம் மட்டும் காட்டவில்லை.
அடிவரை சுரண்டியும் யாருக்கும் கிடைக்கவில்லை.
“போட மறந்துட்டேன் போல” என்றாய்,
பாத்திரம் கழுவப் போனாய்.

இன்றைக்குத்தான் உன் ஏப்ரனைக்
கொக்கியிலிருந்து எடுத்துக் கட்டினேன்.
பையில் ஏதோ உறுத்தியது.
பழுப்பாக, பால் காய்ந்த வெள்ளைத் தடத்தோடு
ஒரு பாதாம்.

ஆஸ்பத்திரிக் கடிதத்தின் தேதி
டிசம்பர் இருபது என்று
எனக்குத் தெரிந்ததே பிப்ரவரியில்தான்.
நான்கு நாள் கழித்து
யோகம் உன் வாயில் வந்து விழுந்திருக்கிறது.
துப்பியும் இருக்கிறாய்.

பாக்கெட்டைப் பிரிக்கவில்லை.
அதையே கழுவிப் பானையில் போட்டேன்.

எனக்குக் கிடைத்ததில் ஆச்சரியமென்ன,
போட்டியே இல்லையே.
இரண்டாம் கரண்டியில் பல்லில் தட்டியபோது
போன் அடித்தது. டூலிக்கி, ஓவ்லுவிலிருந்து.
வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.
பின்னால் பேரப் பிள்ளைகளின் கூச்சல்,
யாரோ தட்டைப் போட்டு உடைத்தார்கள்.

“அப்பா, கஞ்சி காய்ச்சினீங்களா?”
“ம்.”
“பாதாம் கிடைச்சுதா?”

கன்னத்துக்கு ஒதுக்கினேன்.
இன்னும் இல்லம்மா, என்றேன்.
பானையில் நிறைய இருக்கு.